உள்ளே ஆள் உண்டா

பில்ஸெனில் இன்றிரவு மைனஸ் ஒன்பது.
தண்டவாளத்தில் உப்புத் தூவிப் போகும் வண்டியின்
மஞ்சள் விளக்கு
என் மேசைவரை வந்து திரும்புகிறது.
நான் அழித்துக்கொண்டிருக்கிறேன்.

பெரிய வேலை ஒன்றுமில்லை.
கெர்னலில் ஒவ்வொரு டிரைவரிலும் இரண்டு வரி.
நுழைகையில் ஒன்று கூட்டு,
கிளம்புகையில் ஒன்று கழி.
எண்ணிக்கை பூஜ்யம் என்றால்
மாட்யூலைக் கழற்றலாம்,
அது இருந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கலாம்.
பூஜ்யம் இல்லையா, உள்ளே ஆள் இருக்கிறது.
அவ்வளவுதான் காவல்.

காவலில் ஓட்டை, பிறந்த நாளிலிருந்தே.
எண்ணுகிறவன் வீட்டுக்குள் நின்று எண்ணினான்.
படி தாண்டி, செருப்பைக் கழற்றி
'வந்துவிட்டேன்' என்று சொல்லி முடிப்பதற்குள்
வீட்டையே பெயர்த்துக்கொண்டு போய்விடலாம்.
போயிருக்கிறார்கள்.

பிறகு யாரோ கணக்கை வெளியே கொண்டுவந்தார்கள்.
இப்போது கதவைத் திறந்துவிடுகிறவனே குறித்துக்கொள்கிறான்,
உள்ளே விடுவதற்கு முன்பாக.
பழைய வரிகள் மட்டும் நின்றுகொண்டிருந்தன.
கெடுதல் இல்லை, யாரும் தொடவில்லை.
புதிதாக டிரைவர் எழுத வந்தவர்கள்கூட
அந்த இரண்டையும் பக்தியோடு சேர்த்தார்கள்.
ஏன் என்றால்,
பக்கத்து டிரைவரில் இருந்தது.

நாற்பத்தொரு டிரைவர்கள்.
ஒலி அட்டை, ஜாய்ஸ்டிக்,
செய்த கம்பெனியே மூடிப்போன ஒரு ஸ்கேனர்.
டேப் டிரைவரின் தலையில் செக் மொழியில் ஒரு குறிப்பு:
'இதைத் தொடாதே. மூன்று இரவு போயிற்று. போஹ்தான் வ்ல்செக்.'
அவருக்கு மடல் போட்டேன்.
அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது.
'எடுத்துவிடு வெந்தூலா' என்றான் க்விடோ,
'பயம் வேறு, காரணம் வேறு.'
எடுத்தேன்.

பிறகு ராத்திரி பூராவும் சோதனை.
ஏற்று, திற, மூடு, இறக்கு.
ஏற்று, திற, மூடு, இறக்கு.
நாற்பது டிரைவர்கள் மூச்சு விடவில்லை.
நாலே கால் மணிக்கு
திரை முழுக்க எண்ணும் எழுத்தும் கொட்டி
இயந்திரம் உறைந்தது.
போஹ்தானுடையது.

க்விடோவை எழுப்பவில்லை.
சோபாவில் கோட்டைப் போர்த்துக் கிடந்தான்,
ஒரு காலுறையில் பெருவிரல் தெரிய.

ஐந்து மணிக்குப் புரிந்தது.
டேப்பைத் திறந்தவர் மூடிவிட்டுப் போய்விட்டார்,
வாசலில் அவர் கணக்கு தீர்ந்துவிட்டது.
டேப் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.
முதலுக்குத் திரும்ப அதற்குத் தொண்ணூறு நொடி வேண்டும்.
அதைச் சுற்றுகிற இழை
வாசல் வழியாக வந்ததே இல்லை,
உள்ளேயே பிறந்தது.
எந்தக் கதவில் அதைக் குறிப்பது?

அதற்காகத்தான் மூன்று இரவு.
மனிதர் அறிந்தேதான் செய்திருக்கிறார்.
பழைய வரிகளைத் திருப்பி வைக்கக் கை போனது.
வைத்தும் பார்த்தேன்.

ஆனால்,
'ஒன்று கழி' என்ற வரிக்குப் பிறகும்
அந்த இழை வெளியே வர இரண்டு அடி இருக்கிறது.
அந்த இரண்டு அடிக்கும் தரை வேண்டும்.
அவர் காவல் இத்தனை வருஷம் நின்றது
பாதி அறிவால்,
பாதி அதிர்ஷ்டத்தால்.

ஆகவே மறுபடி எடுத்தேன்.
மாட்யூலை இறக்கும் இடத்தில்
ஒரே ஒரு வரி எழுதினேன்:
இழை முடியும்வரை காத்திரு.
எண்ண வேண்டாம். காத்திரு.

கழித்தவை எண்பத்து மூன்று வரி, கூட்டியது ஒன்று.
எண்பத்து மூன்றாவது, அவர் குறிப்பு.
மாற்றத்தின் விளக்கத்தில் அவர் பெயரைப் போட்டு
'இவர் கவலைப்பட்டது சரி' என்று எழுதினேன்.
எழுத்துப் பிழை இருக்கிறதா என்று
இரண்டு தடவை பார்த்தேன்.

வெளியே முதல் ட்ராம்.
கதவு மூடப்போவதாக ஒலிபெருக்கி சொல்கிறது,
நிறுத்தத்தில் ஒருவரும் இல்லை.
க்விடோ கண்ணைத் தேய்த்தபடி கேட்டான்,
'போகலாமா? ரொட்டிக் கடை திறந்திருக்கும்.'

கடைசியாக ஒரு முறை 'இறக்கு' கொடுத்தேன்.
ஆய்வக மூலையில் டேப் சுற்றுகிறது.
'இரு,' என்றேன்,
'இன்னும் ஐம்பது நொடி.'
அவன் காலுறையைத் தேட ஆரம்பித்தான்.